அப்பாவின் துணைவியும் அந்த வீடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்மா போனபின் அப்பா இன்னொருவரோடு வாழ்வதில் பிள்ளைகளுக்கு வருத்தம் இருக்கலாம், ஆனால் அப்பா கண்மூடிய கையோடு அந்தப் பெண்ணிடம் சாவியைக் கேட்பது என்ன நியாயம்? வீட்டில் பிள்ளைகளுக்குப் பங்கு இருந்தால் அது அவர்களுடையதுதான், சரி. அதற்காக, கடைசிவரை வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவரைத் தெருவில் நிறுத்துவதா?

அப்பா வீட்டில் தனக்குள்ள பங்கில் துணைவிக்கு உயிலில் வாழ்நாள் உரிமை எழுதி வைக்கலாம்: அந்தப் பெண் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருப்பார், ஆனால் வீட்டை விற்க முடியாது, அப்புறம் அது பிள்ளைகளுக்கே வந்துவிடும். வரியும் பழுதுபார்ப்புச் செலவும் யார் தலையில் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், சண்டை கிளம்புவதே அங்கேதான். சில நாடுகளில் மறுமணம் ஆனதுமே பழைய உயில் செல்லாமல் போய்விடும் என்பதால் புதிதாக எழுதுங்கள், பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி