பேரன் விழுந்த செய்தி கிடைத்தது

அன்புள்ள ராணி,

உன் கடிதம் நேற்று வந்தது. பேரன் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றி புடைத்ததைப் படித்ததும் பகீர் என்றது. ஆனால் விழுந்த உடனே வீல் என்று கத்தினான், பால் குடித்தான், அப்புறம் ரிமோட்டுக்குச் சண்டை போட்டான் என்று எழுதியிருந்தாயே, அங்கேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நெற்றிப் புடைப்பு பெரும்பாலும் பார்க்கத்தான் பயங்கரம். காதுக்கு மேலேயோ பின்மண்டையிலோ தொட்டால் மெத்தென்று ஒரு வீக்கம், அதுவும் இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு என்றால், நான் நர்ஸாக இருந்த வார்டில் டாக்டர்கள் லேசில் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

நீ செய்ததில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. மருமகளை "கண்ணை எங்கே வைத்திருந்தாய்" என்று பிடிபிடியென்று பிடித்தாயாமே! பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். வேலையில் இருந்தபோது ஒரு பெண் ஒன்றரை வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கட்டிலிலிருந்து விழுந்தான் என்றாள். கூடவே மாமியார். பிள்ளை தோளில் துவண்டு கிடந்தான், இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். மாமியார் டீ வாங்கப் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், மாடிப்படியில உருண்டுட்டான், சொன்னா கொன்னுடுவாங்க" என்றாள். விழுந்தது முதல் நாள் சாயங்காலம்! ஸ்கேன் எடுத்தால் மண்டை ஓட்டில் மெல்லிய கீறல். நல்லவேளை, உள்ளே இரத்தம் கட்டவில்லை. வார்டில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். திட்டுக்குப் பயந்து ஒரு ராத்திரி போய்விட்டது பார். எவ்வளவு உயரத்திலிருந்து, எந்தத் தரையில், எப்போது, விழுந்ததும் அழுதானா, மயங்கினானா, இதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார். 2009இல் அமெரிக்காவில் தலையில் அடிபட்ட 42,000 பிள்ளைகளுக்கு மேல் கவனித்து ஒரு விதிமுறை வகுத்தார்கள். இரண்டு வயதுக்குள் என்றால் 3 அடிக்கு மேல், அதற்கு மேற்பட்ட வயதுக்கு 5 அடிக்கு மேல் விழுந்திருந்தால் கூடுதல் கவனம் என்பது அதில் ஒன்று. உயரத்தை மறைத்தால் எதை வைத்து முடிவெடுப்பார்? எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே என்பாய். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு. சின்ன மூளைக்குத் தேவையில்லாமல் அது எதற்கு?

அடிபட்டால் தூங்கவே விடக்கூடாது என்று உன் அக்கா சொன்னதற்காக ராத்திரி முழுக்க அவனைக் கிள்ளிக் கிள்ளி எழுப்பினாயாமே, பாவம். நன்றாக விளையாடிய பிள்ளை தூங்கும் நேரத்தில் தூங்கட்டும். நடுவில் ஒரு தடவை தொட்டுப் பார், சிணுங்கித் திரும்பிப் படுத்தால் போதும். எழுப்பியும் எழாமல் துவண்டால், வாந்தி திரும்பத் திரும்ப வந்தால், வலிப்பு வந்தால், கண் பாப்பா ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்றிருந்தால், காதிலோ மூக்கிலோ தண்ணீர் மாதிரி வடிந்தால், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மேலே எழும்பி நின்றால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதே, 108ஐக் கூப்பிடு. சமாதானமே ஆகாமல் அழுதுகொண்டே இருந்தாலும், முகம் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை உன்னைக் கண்டுகொள்ளாமல் இருந்தாலும், காட்டிவிடு. முதல் ஒரு நாள் முழுக்கக் கண் அவன் மேலேயே இருக்கட்டும்.

தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதை நிறுத்து. ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் ஒற்றினால் போதும். இரத்தம் வந்தால் காபித்தூள் அப்பாதே, சுத்தமான துணியால் அழுத்திப் பிடி.

அப்புறம், பிறந்தநாளுக்கு யாரோ வாங்கித் தந்த வாக்கர். அதைப் பரணில்கூட வைக்காதே, உடைத்துப் போடு. கனடாவில் 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். படிக்கட்டு இருக்கிற வீட்டில் அதைவிட ஆபத்தான சாமான் கிடையாது. உன் மகன் பிள்ளையை வண்டியில் முன்னால் நிறுத்திக்கொண்டு கடைக்குப் போகிறான் என்றாய். நான்கு வயது வரை வண்டியில் ஏற்றினால் ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேண்டும், 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2022இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. சொல்லி வை.

இங்கே எனக்கு முட்டி வலி பரவாயில்லை. அவர் மொட்டை மாடியில் கத்தரி போட்டு, காய்த்ததை எல்லாம் அணிலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பொங்கல் கழித்து வருகிறேன். மருமகளுக்குப் பிடித்த அதிரசம் கொண்டுவருவேன், உனக்குக் கிடையாது.

அன்புடன்,
விஜயா