உடல் கரை சேராதவர்களுக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுங்கள்

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும், இயேசுவுக்கே புகழ்.

ஒக்கிப் புயலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30, மீனவரான புனித அந்திரேயாவின் திருநாள். அந்த நாளில்தான் என் அண்ணனைக் கடலில் இழந்தோம். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த ஆண்டு கல்லறைத் திருநாளன்று நடந்ததைத்தான் எழுத வந்தேன். நவம்பர் 2 மாலை, கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்கும் மந்திரிப்புக்காக ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் குழியைக் கழுவி, பூப் பரப்பி, மெழுகுதிரி ஏற்றி நின்றது. என் மதினி கையில் திரியோடு வழியிலேயே நின்றார். அவருக்கு நிற்க ஒரு குழி இல்லை. கடைசியில் யாருடையதோ ஒரு கல்லறையின் ஓரத்தில் திரியை நட்டார். அந்த வீட்டுக்காரர்கள் அதைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி மண்ணில் வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் அப்பாவின் கல்லறை. ஆனால் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்த நீங்கள், சாமி, அந்தத் திரியைக் கடந்து அடுத்த குழிக்குப் போய்விட்டீர்கள். மதினி குனிந்து திரியை அணைத்து, முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் அவர் செவ்வாய்தோறும் அந்தோணியார் நவநாளுக்குப் போனார். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அல்லவா! பிறகு ஒருநாள் தானாகவே நிறுத்திவிட்டு, இறந்தவர்களுக்கான 'நித்திய இளைப்பாற்றி' செபம் சொல்லத் தொடங்கினார். அதற்கு எவ்வளவு அழுதிருப்பார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். கோயிலில் மட்டும் என் அண்ணன் இன்னும் 'காணாமல் போனவர்' பட்டியலில்தான் இருக்கிறார்.

கேட்டால், உடல் இல்லாமல் கல்லறை கட்டும் வழக்கம் நம் பங்கில் இல்லை என்கிறீர்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஒக்கியில் போனவர்களுக்காக அரசே அதைத் தளர்த்தி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கொடுத்தது. கோப்புகளுக்கு இருந்த இரக்கம் கோயிலுக்கு இல்லையா? உடல் கிடைக்காதபோதும் அடக்கத் திருப்பலி நிறைவேற்றத் திருச்சபை அனுமதிக்கிறது என்பதை நான் சொல்லியா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

கடலில் போனவர்களுக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுங்கள். இதைத்தான் மூன்று ஆண்டுகளாகக் கேட்கிறோம். திருவிழா முடியட்டும் என்கிறீர்கள். திருவிழா முடிந்தால் அடுத்த திருவிழாவின் கணக்கு வந்துவிடுகிறது. கொடிமரத்துக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் திரள்கிறது. பிடித்த மீனில் கோயிலுக்கென்று பங்கு ஒதுக்கியவர்கள்தான் கடலில் கிடக்கிறார்கள். அன்று கரையில் சொன்ன புயல் எச்சரிக்கை, பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்த படகுகளை எட்டவில்லை. தேடும் கப்பல்களுக்காக நாம் தொண்டை வற்றக் கத்த வேண்டியிருந்தது. அரசின் கதவையும் தட்டி, சொந்தக் கோயில் கதவையும் தட்ட வேண்டுமென்றால் நாங்கள் எங்கே போவோம்?

கோபத்தில் வார்த்தை கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பர் 7 அன்று கடலில் போனவர்களைத் தேடச் சொல்லி குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, குருக்களும் கூடவே உட்கார்ந்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

கிழக்குச் சுவர் ஓரம் ஆறடி நிலம் போதும். கல்லுக்கும் கொத்தனார் கூலிக்கும் குடும்பங்களே பணம் சேர்த்துவிட்டோம். பெயர்ப் பட்டியலை இந்த மடலுடன் இணைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அந்தந்த வீட்டில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். வருகிற அந்திரேயா திருநாளுக்குள் அந்தக் கல்லை மந்திரித்து, அடக்கத் திருப்பலியில் அவர்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தரும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒக்கியில் அண்ணனை இழந்த தம்பி