ஊருணித் தெருக் கடைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

காரைக்குடியில் எங்கள் ஊருணிக்குப் போகும் தெருவில், ஒரே கூரையின்கீழ் ஏழு கடைகள் இருக்கின்றன. வியாபாரம் பேருந்து நிலையத்தின் பக்கம் நகர நகர, அவை ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. கடைசியாகப் போனது பாத்திரக்கடை. அதன் பிறகு எட்டு ஆண்டுகள் அந்த வரிசையில் விளக்கே எரியவில்லை. பொழுது சாய்ந்தால் டியூஷன் முடிந்து வரும் பெண் பிள்ளைகளைக் கூட்டிவர வீட்டிலிருந்து ஆள் போனார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத படிகளில் குப்பை சேர்ந்தது. அந்தக் குப்பை மழையில் இறங்கி, ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்தது. ஊருணிக்குத் தண்ணீர் வருவது நின்றது. கடைகள் பூட்டிக் கிடந்ததும் ஊருணி வறண்டதும் ஒரே சங்கதி என்று எங்களுக்கு விளங்கவே வெகுநாளாயிற்று. விளங்கிய பிறகு, பூட்டிய கடைகளைத் திறந்து கலைப்படைப்புகள் வைக்கவும் வரத்துக்காலைத் தூர்வாரவும் இறங்கினோம். கைகொடுத்தவர்கள் பலர். எல்லோருக்கும் நேரில் வந்து சொன்னாலும், ஊரறியச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி ஆச்சிக்கு. உங்கள் மாமனார் கட்டிய வரிசை அது. இன்று அதற்குப் பங்காளிகள் 11 பேர். பாதிப்பேர் சென்னையில், மீதிப்பேர் மலேசியாவில். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் சாவி கிடைக்காது. கொடுத்த இடம் திரும்ப வருமா என்ற அச்சமும் நியாயமானதுதான். வாடகைக்கு விட்டதை மீட்க நீதிமன்றம் நடந்து அலுத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் கொஞ்சமா? ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008இல் மார்க்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய ‘ரின்யூ நியூகாசில்’ முயற்சியைப் பற்றி உங்களிடம் சொன்னோம். அங்கே காலிக் கடைகளைக் கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் கொடுத்தபோது குத்தகைப் பத்திரம் எழுதவில்லை. தற்காலிக அனுமதி மட்டுமே. உரிமையாளர் கேட்டால் 30 நாளில் காலி செய்துவிட வேண்டும். அதே முறையில் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொண்டுவந்தோம். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தீர்கள். “மரக் கதவில் ஆணி அடிக்கக் கூடாது, விளக்குமாடத்தை மறைக்கக் கூடாது. மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்” என்றீர்கள். மலேசியாவில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் என்று காலை ஐந்து மணிக்கே எழுந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசினீர்கள். 11 கையெழுத்தும் வந்து சேர்ந்தன. ஆச்சி, அந்தக் காகிதம்தான் எங்களுக்கு எல்லாமும்.

வரத்துக்கால் எது என்று காட்டிக்கொடுத்த கொத்தனார் தாத்தாவுக்கு அடுத்த வணக்கம். செட்டிநாட்டு வீடுகளில் கூரைத் தண்ணீர் முற்றத்தில் இறங்கி, வடிகால் வழியே தெருவுக்கு வந்து, அங்கிருந்து ஊருணியில் சேரும்படி நம் முன்னோர் கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் தெருவில் அது எந்த இடத்தில் வளைகிறது, எங்கே படிக்கு அடியில் போகிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கைத்தடி நுனியில் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி, குனியாமலேயே நடந்து நடந்து தெரு முழுக்கக் கோடு போட்டீர்கள். முதல் கடையின் சுவரில் இன்று நீலமும் பச்சையுமாக ஓடுவது உங்கள் கோடுதான்.

அந்த நீலத்தையும் பச்சையையும் கொடுத்தவர்கள் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை அண்ணன்மார். உடைந்த கல்லைக் கேட்டுத்தான் வந்தோம். எட்டுச் சாக்கு கொடுத்து, வேலையையும் காட்டினீர்கள். கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, கரண்டியால் ஒவ்வொரு கட்டத்திலும் சாயக் கலவையை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்கும்போது நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நின்றதை எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கல் தயார். சூளை இல்லை, விறகு இல்லை. கண்ணாடியில் படிந்த முகம்தான் பளபளப்பு. சுற்றுச்சூழல் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு அன்று அது கையில் கிடைத்தது.

கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னும் அக்காமார் பனை ஓலையில் விராலும் கெண்டையும் பின்னிக் கொடுத்தார்கள். இரண்டாவது கடையின் உத்தரத்திலிருந்து அந்த மீன்கள் தொங்குகின்றன. காற்றடித்தால் எல்லாம் ஒரே பக்கம் திரும்பும். செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பின்னுகிறவர்களுக்கு நம் தெருவில் உட்கார ஓர் இடம் இல்லாமல் இருந்தது என்பதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

தூய்மைப் பணியாளர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தந்தார்கள். அவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு அது. வரத்துக்காலிலிருந்து வெளியே வந்தது 14 மூட்டை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பைகளும் குவளைகளும்தான் அதில் பெரும்பகுதி. அவற்றைக் கழுவிக் காயவைத்து, மூன்றாவது கடையில் தரையிலிருந்து மேலே அடுக்கினோம். ஊருணியில் முன்பு தண்ணீர் நின்ற உயரத்துக்கு அந்த அடுக்கு நிற்கிறது. பெரியவர்கள் உள்ளே வந்தால் அதன் பக்கத்தில் நின்று தங்கள் தோளோடு அளந்து பார்க்கிறார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் நெஞ்சில் நிற்கிறது.

மீதி நான்கு கடைகளின் ஷட்டர்களில் ஓவியக் கல்லூரி மாணவர்கள் வரைந்தார்கள். மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்க்கவே மூன்று நாள் ஆயிற்று. “கடை திறந்தால் படம் சுருண்டு மேலே போய்விடுமே” என்று ஒருவர் கேட்டபோது, “அதற்காகத்தான் ஷட்டரில் வரைகிறோம்” என்று வரைந்துகொண்டிருந்த ஒரு தங்கை சொன்ன பதிலை நாங்கள் மறக்கவில்லை.

வண்ணச் செலவை ஏற்க முன்வந்த ஒரு நிறுவனம், நான்கு ஷட்டர்களிலும் தன் பெயர் பெரிதாக வர வேண்டும் என்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அந்த இரவே தெருக்காரர்கள் ஐம்பதும் நூறுமாகப் போட்டு அந்தத் தொகையை நிரப்பினீர்கள். மின்சாரம் இழுத்துக் கொடுத்தவர், ஏணி கொடுத்த பந்தல்காரர், கணக்கில் எழுதாமல் தேநீர் கொடுத்த கடைக்காரர் என எல்லோரும் எங்கள் நெஞ்சில் இருக்கிறீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் மாலை வரத்துக்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்தார்கள். ஊருணியில் மூன்று படி தண்ணீர் நின்றது. நிரம்பவில்லை. தெற்குப் பக்க வரத்து இன்னும் அடைபட்டே கிடக்கிறது. அதை மாசிக்குள் தோண்ட வேண்டும், ஆட்கள் வேண்டும்.

கடைகளில் இரண்டுக்கு வாடகை வந்துவிட்டது. ஒன்றில் சைக்கிள் பழுதுபார்க்கும் தம்பி இருக்கிறார். மற்றொன்று கொட்டான் அக்காமாருக்கு. அந்த ஷட்டரில்தான் பெரிய விரால் மீன் வரைந்திருந்தது. காலை ஒன்பதரைக்கு அக்கா ஷட்டரைத் தூக்குகிறார், வாலிலிருந்து தொடங்கி மீன் மேலே சுருண்டு போகிறது. இப்போதெல்லாம் அதை இரவில்தான் பார்க்க முடிகிறது.

நன்றியுடன்,
ஊருணித் தெருக்காரர்கள்,
காரைக்குடி