தலைவலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவுப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'தி போர்ன் அல்டிமேட்டம்' படத்தின் ஆடிக்கொண்டே இருக்கும் ஒளிப்பதிவைத் தலைவலி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. மனம் ஒப்பவில்லை.

லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்டியன் நாளிதழ் நிருபர் ஒருவரைத் தீர்த்துக்கட்ட ஆள் வருகிறது. அவர் பாக்கெட்டில் ஒரு செல்போனைப் போட்டுவிட்டு, தள்ளி நின்றபடி நட, நில், குனிந்து ஷூ லேஸைக் கட்டு என்று படத்தின் நாயகன் போர்ன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கண்காணிப்பு கேமராக்கள் வழியே அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் ஆட்கள் துழாவுகிறார்கள். ஒளிப்பதிவாளர் ஆலிவர் வுட்டின் கேமரா பயணிகளின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்க்கிறது. யாரோ குறுக்கே போகிறார்கள், நிருபரின் முகம் மறைகிறது, கேமரா அவரைத் திரும்பத் தேடிப் பிடிக்கிறது. கூட்டத்தில் எவன் கொலையாளி என்று தெரியாத அவருடைய பதற்றம் நம்மையும் தொற்றிக்கொள்வது இதனால்தான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி மொத்த நிலையத்தையும் காட்டியிருந்தால் இந்தப் பதைப்பு வந்திருக்குமா? இத்தனை ஆட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற குழப்பம் வருவதில்லை. போர்னின் பார்வை போகும் திசைக்கே அடுத்த ஷாட்டும் போகிறது.

டான்ஜியர் நகரத் துரத்தலில், போர்ன் எதிர்வீட்டு ஜன்னலுக்குள் பாயும்போது கேமராவும் பின்னாலேயே பாய்கிறது. உள்ளே சண்டை தொடங்கியதும் பின்னணி இசை நின்றுவிடுகிறது. மூச்சிரைப்பும் பொருட்கள் நொறுங்கும் சத்தமும் மட்டுமே கேட்கின்றன. இயக்குநர் பால் கிரீன்கிராஸின் துணிச்சல் அது.

இந்தப் பாணியைப் பார்த்து, சண்டை தெரியாத நடிகர்களை மறைப்பதற்காகவே கேமராவை உலுக்கிய படங்கள் பின்னால் வந்தன. கட்டுரையாளரின் கோபம் அவற்றின் மீது என்றால் நானும் அவர் பக்கம்தான். சிலருக்கு இந்த ஆட்டம் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறுக்கவில்லை.

2007இல் வந்த இந்தப் படத்துக்குப் படத்தொகுப்பு, ஒலிக்கலவை, ஒலித்தொகுப்பு என 3 ஆஸ்கர் கிடைத்தன. ஒளிப்பதிவுக்குப் பரிந்துரைகூட இல்லை. வெட்டி ஒட்டியவருக்கு விருது, வெட்டுவதற்கு அத்தனை உயிருள்ள ஷாட்களைத் தந்தவருக்கு ஒன்றுமில்லை. இந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு வேண்டுகோள். திரை விமர்சனங்களில் 'ஒளிப்பதிவு கச்சிதம்' என்று எழுதி நகர்ந்துவிடாமல், ஒரு காட்சியையாவது எடுத்துக்கொண்டு, கேமரா எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது என்று விளக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்