சேரன்மாதேவியைக் கால்வாயோடு சேர்த்து எழுத வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஊர் அறிமுகப் பகுதியில் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். நவ கைலாயம் எனப்படும் ஒன்பது சிவத் தலங்களில் இரண்டாவதான அம்மைநாதர் கோயிலைப் பற்றியும், வ.வே.சு. ஐயர் இங்கு நடத்திய குருகுலத்தைப் பற்றியும் கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட குருகுலத்துப் பந்தி விவகாரத்தை இரண்டு வரிகளில் முடித்துவிட்டதை நான் குறையாகச் சொல்லவில்லை. 1920-களின் தமிழக அரசியலில் பெரும் புயலைக் கிளப்பிய அந்த விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது. என் வருத்தமெல்லாம், பக்கத்து ஊர்களான பத்தமடையின் பாயும் காருகுறிச்சியின் மண்பாண்டமும் பக்க ஓரத்தில் பெட்டிச் செய்திகளாக ஒதுங்கிப்போனதும், கன்னடியன் கால்வாய் என்ற பெயர் ஓரிடத்தில்கூட வராததும்தான்.

தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கன்னடியன் மூன்றாவது. அங்கிருந்து பிரியும் கால்வாய் சேரன்மாதேவி வட்டாரத்துக் குளங்களை நிரப்பி, 12,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர், ஒரு பசு நடந்து சென்ற வழியெல்லாம் இதை வெட்டினார் என்று இங்கே கதை சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும், கார், பிசானம் என்ற இரண்டு போகத்துக்கும் வயற்காட்டு வேலை இந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் தொடங்குகிறது.

பாய்க்கும் இதே தண்ணீர்தான் ஆதாரம். எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் அனுப்பப்பட்ட செய்தியை எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன, தங்கள் கட்டுரையும் எழுதியிருக்கிறது. ஆனால், அந்தப் பாய் எப்படி உருவாகிறது என்பதை எழுதுபவர்கள் குறைவு. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் வளரும் கோரைப் புல்லைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைத்து, பிறகு கட்டுக்கட்டாக ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். ஊறி உப்பிய கோரையை மீண்டும் உலர்த்தி மெல்லிய இழைகளாகக் கிழித்துச் சாயம் ஏற்றிய பிறகே அது தறிக்குப் போகிறது. மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தரும் பெண்கள், பட்டுப் போல மெல்லியதாக இருப்பதால் பட்டுப் பாய் எனப்படும் ஒரு கோரைப் பாயை முடிக்கப் பல வாரம் தரையில் அமர்ந்து வேலை செய்கிறார்கள். புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் அவர்கள் கைக்கு வரும் கூலி, கடையில் அந்தப் பாய்க்குச் சொல்லப்படும் விலையோடு ஒப்பிடத்தக்கதாக இல்லை.

காருகுறிச்சியை நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊராக மட்டும் காட்டியதும் போதாது. அங்குள்ள மண்பாண்டத் தொழிலாளர்களுக்குக் குளத்து மண் வேண்டும். குளம் நிறைந்தால் விவசாயிக்கு நிம்மதி. இவர்களுக்கோ குளம் வற்றிக் கிடக்கும் சில மாதங்களில்தான் மண் எடுக்க முடியும். அதற்குள் அனுமதி கிடைக்காமல் மழை வந்துவிட்டால், பொங்கல் பானைக்கும் கார்த்திகை விளக்குக்கும் வேண்டிய மண் தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீர் திறப்பதையும் குளம் தூர்வாருவதையும் பற்றிப் பேசும் கூட்டங்களில் விவசாயிகளின் குரல் கேட்கிறது, அது நியாயமும்கூட. கோரைக்காரர்களையும் மண்பாண்டத் தொழிலாளர்களையும் அங்கே யாரும் அழைப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே, கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கும் சமயத்தில் தங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி, அணைக்கட்டிலிருந்து கடைமடை வரை கால்வாயோடு நடந்து ஒரு தொடர் எழுதச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மடை திறப்பவர்கள், பாய் நெய்பவர்கள், சூளை வைப்பவர்கள் ஆகியோரிடம் அவர் நேரில் பேச வேண்டும். கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் எத்தனை நாள் கழித்து வந்து சேர்கிறது என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சேரன்மாதேவி.