பத்தாயிரம் விளையாட்டுப் பெட்டி வேண்டாம், பிள்ளையோடு உட்கார்ந்து ஒன்று செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருஷமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கோடை லீவில் மட்டும் ஆறு கேம் பெட்டிகள் என் மேஜைக்கு வந்துவிட்டன. உள்ளங்கை அளவு பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், அட்டையில் "10,000 விளையாட்டுகள்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். எல்லாருக்கும் ஒரே புகார்தான், இரண்டு மாசம் ஓடியது, இப்போது படமே வரவில்லை. திறந்து பார்த்தால் போர்டு நன்றாக இருக்கும், உள்ளே போட்டிருந்த பெயர் தெரியாத எஸ்.டி. கார்டு கெட்டுப்போயிருக்கும். இவை சின்னக் கம்ப்யூட்டர்கள், டிவியை அணைப்பது போல பட்டென்று சுவிட்சை அணைத்தால் கார்டில் எழுதிக்கொண்டிருப்பது பாதியில் அறுந்துபோகும், மெனுவில் போய் ஷட் டவுன் கொடுத்த பிறகுதான் அணைக்க வேண்டும் என்பதை விற்றவர் ஒருவரும் இவர்களிடம் சொல்லவில்லை.

ஒரு பெட்டிக்கு வேறு கார்டு போட்டுச் சரிசெய்தபோது அந்தப் பட்டியலை முழுக்க உருட்டிப் பார்த்தேன். பேக்-மேன் என்ற பழைய விளையாட்டு மட்டும் ஏழு முறை வருகிறது, நிறம் மாற்றியது, வேகம் மாற்றியது என்று. அப்புறம் திறக்கவே திறக்காதவை எத்தனையோ. இதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய ஆர்கேடு மெஷின் ஒவ்வொன்றும் தனித்தனி சர்க்யூட், 1980-இல் வந்த பேக்-மேனில் இருப்பது 3 மெகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஓடும் இசட்80 சிப். அந்தச் சிப் ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்யுமோ அதை அப்படியே செய்துகாட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997-இல் தொடங்கிய மேம் என்பது இதில் பெரியது. பழைய போர்டுகளின் மெமரி சிப்புகளிலிருந்து படித்தெடுத்த விளையாட்டுக் கோப்புகளை, தப்பு தெரியத் தெரியத் திருத்திக்கொண்டே வருகிறார்கள், அதனால் ஒரு பதிப்புக்கு எடுத்த கோப்பு இன்னொரு பதிப்பில் ஓடாமல் போகலாம். சின்னப் போர்டுகளில் 2003-ஆம் வருஷத்துப் பழைய பதிப்பைத்தான் பெரும்பாலும் போடுகிறார்கள், அது இலேசானது. பெட்டி விற்பவர்கள் இது எதையும் பார்க்காமல் கிடைத்ததையெல்லாம் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

எனக்கு உண்மையிலேயே மனசு பொறுக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. மேம் எழுதியவர்கள் காசு வாங்காமல் உழைத்தவர்கள். காப்காம் கம்பெனியின் 1990-களின் சி.பி.எஸ்.-2 போர்டில், விளையாட்டைத் திறக்கும் சாவியே ஒரு பேட்டரியின் தயவில்தான் மெமரியில் நிற்கும், பேட்டரி தீர்ந்தால் போர்டு ஓடாது. என்னைப் போன்ற மெக்கானிக் பேட்டரியை மட்டும் மாற்றினால் சாவி திரும்ப வராது. அந்தப் பூட்டு வேலை செய்யும் முறையை 2007-இல் முழுசாகக் கண்டுபிடித்தவர்களில் சல்மோரியாவும் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் 2016 வரை மேமை விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் உரிமத்தில் எழுதி வைத்திருந்தார்கள், பெட்டிகளில் ஓடும் அந்தப் பழைய பதிப்புக்கு இன்றும் அதே நிபந்தனைதான். விளையாட்டுகளோ அந்தந்தக் கம்பெனிகளின் சொத்து. இரண்டையும் சேர்த்து அட்டைப்பெட்டியில் போட்டு விற்பது தப்பு, அதை நம் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

சரி, பிள்ளை கேட்கிறானே என்றால், செய்து கொடுங்கள். செய்ய வையுங்கள் என்றே சொல்வேன். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டை 2012-இல் கேம்பிரிட்ஜில் கொண்டுவந்ததே பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட்டுத் திறந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். எட்டாவது படிக்கும் என் அக்கா மகனும் நானும் யாரோ கைகழுவிய பழைய ராஸ்பெர்ரி பை 3 ஒன்றை வாங்கி, காலி ஸ்டெபிலைசர் பெட்டிக்குள் வைத்து, மேல் தகட்டில் லேத் பட்டறையில் ஓட்டை போட்டு ஜாய்ஸ்டிக்கும் ஆறு பட்டனும் மாட்டினோம். டிவி, 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவி, அக்கா வீட்டுப் பரணில் கிடந்தது. அதில் எச்.டி.எம்.ஐ. கிடையாது, ஆனால் இந்தப் போர்டில் ஹெட்போன் ஓட்டை மாதிரி இருப்பதிலேயே ஏ.வி. படமும் வரும். கடையில் கேட்டு வாங்கும் கேபிளில் வயர் வரிசை மாறியிருக்கலாம், மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். செட்டிங் கோப்பில், நம் ஊர் டிவிகளுக்கான பால் (PAL) முறை என்று ஒரு வரி மாற்றியதும் நிறமும் நின்றுவிட்டது. பழைய பிக்சர் டியூப் டிவியில் பட்டனை அழுத்தியதும் உடனே திரையில் நடக்கும், இப்போதைய எல்.இ.டி. டிவிகளில் வரும் அந்தச் சின்னத் தாமதம் இல்லை.

முதல் நாள் இடது பக்கம் தள்ளினால் ஆள் வலது பக்கம் போனான். பையன் வயரை மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டு, கடைசியில் பெட்டியைக் கவிழ்த்து வைத்து ஜாய்ஸ்டிக் தண்டைச் சாய்த்துப் பார்த்தான். மேலே இடதுபுறம் தள்ளும்போது கீழே தண்டின் அடிப்பகுதி வலதுபுறம் போய் அந்தப் பக்கத்து ஸ்விட்சை அழுத்துகிறது! "மாமா, இது ஏத்தம் மாதிரி" என்றான். அந்த ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

விளையாட்டுக்கும் திருட்டு வேண்டியதில்லை. உரிமையாளர்களே அனுமதி கொடுத்த பழைய விளையாட்டுகளை மேம் தளத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறார்கள். 1980-களில் செய்து கடைக்கே வராமல் போன கிரிட்லீ, கிழக்கு ஜெர்மனியில் செய்த பாலி-பிளே, ராபி ரோட்டோ எல்லாம் அதில் உண்டு. இவன் கிரிட்லீயை விட்டு எழுந்திருப்பதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், மெல்லிய மொபைல் சார்ஜர் வயரில் கரண்டு கொடுத்தால் திரை மூலையில் மின்னல் குறி வரும், நல்ல 5 வோல்ட், 2.5 ஆம்ப் அடாப்டர் வாங்குங்கள்.

உங்கள் மாணவர் இணைப்பில் இதை ஒரு செய்முறையாகப் போட்டால் நன்றாக இருக்கும். ஜாய்ஸ்டிக் படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், நாலு ஸ்விட்சுக்கும் பெயர் எழுதி அவனே வரைந்து வைத்திருக்கிறான், அனுப்பி வைக்கிறேன்.

டிவி மெக்கானிக்,
கோவில்பட்டி