சுற்றுலா பஸ்ஸைக் கொஞ்சம் பிந்தி எடுங்கள்

வன்னிப் பாடசாலைகளில் கல்விச் சுற்றுலா ஒழுங்குசெய்யும் அதிபர்மாருக்கும் ஆசிரியர்மாருக்கும்,

வணக்கம். போன தடவை பெற்றோர் பக்கத்தில் துணைக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. இரவு கிளிநொச்சியில் பஸ் ஏறி, விடிய நுவரெலியாவில் இறங்கி, ஹக்கல பூங்கா, கிரகரி வாவி, குதிரையோடு ஒரு படம், பின்னேரம் ஐந்தரைக்கு "ஏறுங்கோ ஏறுங்கோ, நேரம் போச்சு". பிழை சொல்லவில்லை. அறுபது பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் குறையாமல் கூட்டி வருவது என்ன பாடு என்று பார்த்தவள் நான்.

ஆனால் வழியில் ஒரு பிள்ளை வாந்தி எடுக்க பஸ்ஸை ஓரம் கட்டினார்களே, அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு முழுச் சுற்றுலாவும். மைமல் நேரம், மழைத்தூறல். பற்றைக்குள் யாரோ நகத்தால் போத்தல் மூடியைத் தட்டுவது மாதிரி டிக், டிக். போன் வெளிச்சத்தை அடித்தால் இலைமேல் ஒரு பச்சைத் தவளை, என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, விரல் நுனிகளில் குட்டிக் குட்டி வட்டத் தட்டு, தொண்டை ஊதி ஊதி இறங்குகிறது. மகன் கேட்டான்: "அம்மா, இங்க குளமே இல்லையே, இது எங்க முட்டை போடும்?"

குளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைதான் அப்படிக் கேட்கும். முட்டை, வாற்பேத்தை, தவளை என்று வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்துக்கு அந்தத் தவளை அடங்காது. உயிரியலில் அதன் சாதிப் பெயர், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்குள்ள பெயர், சூடோபிலாட்டஸ். முட்டையிடத் தேங்கிய தண்ணீர் வேண்டாம். அனேகமான இனங்களில் பெண் ஈரமண்ணைக் கிளறிக் குழி செய்து முட்டையிட்டு மூடிவிடும், சில இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டும். வாற்பேத்தையாக நீந்தும் காலத்தை முட்டைக்குள்ளேயே கடத்திவிடுகிறது. உள்ளே இருக்கும்போது அதன் மெல்லிய அகன்ற வால்தான் மூச்சுவிட உதவுகிறது. சில வாரங்கள் கழித்து முட்டையைக் கிழித்துக்கொண்டு நாலு காலோடு அரிசி மணியளவில் ஒரு முழுத் தவளை வெளியே வரும்.

இது ரக்கோபோரிடே என்ற மரத்தவளைக் குடும்பம். மாரி காலத்தில் எங்கள் கிணற்றடியிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டு பெண்பிள்ளைகளைக் கத்த வைக்கும் மண்ணிற மரத்தவளையும், பொலிபெடேற்றஸ் மகுலேற்றஸ், இதே குடும்பம்தான். விரலின் கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தியதற்கும் நடுவில் ஒரு துண்டுக் கசியிழையம் (குருத்தெலும்பு) கூடுதலாக இருக்கிறது, அதனால்தான் விரல் தட்டைச் சுவரில் சமமாக அமத்தி ஏற முடிகிறது. நம்மூர்க்காரர் தண்ணீருக்கு மேலே சவர்க்கார நுரை மாதிரி ஒரு கூடு கட்டி முட்டையிடுவார், வாற்பேத்தைகள் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழும். ஒரே குடும்பம், இரண்டு விதமான குடித்தனம்.

வகைப்படுத்துவதில் வந்த தலையிடியையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சூடோபிலாட்டஸ்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் நெடுங்காலம் விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்கள்தான் என்று நினைத்திருந்தார்கள். பிறகு மலை மலையாக ஏறித் தேடி, குரலையும் மரபணுவையும் ஒப்பிட்டபோது கணக்கு எங்கேயோ போய்விட்டது. 2005இல் ஆய்வாளர்கள் கெலும் மனமேந்திர ஆரச்சியும் ரொஹான் பெத்தியகொடவும் ஒரே கட்டுரையில் 27 புது இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு இலங்கையில் 70க்கு மேல். (சாதி, இனம் என்ற சொற்களை இந்த நாட்டில் சண்டையில்லாமல் பாவிக்கக்கூடிய ஒரே பாடம் உயிரியல்தான் போல.)

இதில் வன்னிக்கு என்ன? கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் இந்தியாவுக்கும் நமக்கும் இடையில் தரைவழி இருந்தது, அது கடைசியாக மூழ்கி ஏறத்தாழ 10,000 ஆண்டுதான். அப்படியிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் நம் மலைத் தவளைகளும் பெரிதாகக் கலக்கவில்லை. குளிரும் ஈரமும் கேட்கிற உயிருக்கு நடுவில் கிடக்கும் காய்ந்த சமவெளி கடலுக்குச் சமம். இந்தப் பக்கத்தில் அந்தச் சமவெளி நாங்கள்தான். சூடோபிலாட்டஸ் பேர்குசனியானஸ் போல இரண்டொன்று வறண்ட தாழ்நிலத்துக்கும் பழகிக்கொண்டன, மற்றவை மலையை விட்டு இறங்கவில்லை. இறங்காததால்தான் மலைக்கு மலை வேறு வேறு இனமானது, ஒரு மலையில் காடு போனால் அந்த இனமே போவதும் அதனால்தான்.

போயும் இருக்கிறது. உலகில் அற்றுப்போனவையாக அறிவிக்கப்பட்ட ஈரூடகவாழிகள் 30 சொச்சம், அவற்றில் பாதியளவு இலங்கையுடையவை. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக மலைக்காடு விழுந்தது அதற்குப் பெரிய காரணம். வெட்டியது தோட்டத்தில் வேலை செய்த எங்கள் பூட்டன்மாரின் கை, வெட்டச் சொன்னது வேறு ஆள். தவளை தாண்டாத வன்னிக்கு என் அப்பாயி 1977 இனக் கலவரத்தோடு தோட்டத்தை விட்டு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இரவானால் பற்றைக்குள் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் என்பார், நான் பூச்சி என்று நினைத்திருந்தேன். வன்னியில் என்னைப் போலப் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்புகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாம் போய்விடவும் இல்லை. 1853இல் இயற்கையியலாளர் கெலார்ட் விவரித்த சூடோபிலாட்டஸ் ஸ்டெல்லாட்டஸ் என்ற இனம், இனி இல்லை என்று எழுதி முடித்த பிறகு, 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கண்டெடுக்கப்பட்டது.

ஆகவே அதிபர், ரீச்சர்மாரே, செலவு ஒன்றும் இல்லை. ஏழு மணிவரை நில்லுங்கள். இருட்டியதும் ஒரு வேலிப் பற்றைப் பக்கம் பிள்ளைகளை வாய் மூடி நிற்க வையுங்கள், பத்து நிமிடம், இரண்டு ரோச் லைற் போதும். தொடவேண்டாம், அதற்குத் தோலும் மூச்சுவிடும் உறுப்பு, நாங்கள் பூசும் நுளம்பு மருந்து கையிலிருந்து நேரே உள்ளே போய்விடும். போத்தலில் அடைத்துக் கொண்டுவருகிற யோசனை எந்தப் பிள்ளைக்கு வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியும், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முதல், இந்த மாரி தொடங்கியதும் பாடசாலைக் கிணற்றடித் தொட்டிக்கு மேலே நுரைக்கூடு தொங்குகிறதா என்று பாருங்கள். துப்புரவு வேலை நாளில் அதைத் தும்புத்தடியால் தட்டிவிடாமல் ஒரு கிழமை விட்டுவைத்தால் போதும்.

இப்படிக்கு,
ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருவரின் தாய்